துப்பாக்கியும் நம் பிள்ளைகளும்

(சங்க ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)

 

ஆண்டுதோறும் இம்மேடையில் இலக்கியம் பேசப் புலவர் ஒருவர் வருவது வழக்கம். இவ்வாண்டு காலனியைச் சேர்ந்தவர் ஒருவரே பேசட்டும் என்று செயற்குழு முடிவு செய்து, பள்ளியிறுதி வகுப்போடு படிப்பை நிறுத்திக்கொண்டு, இருபது ஆண்டுகளாகச் சரக்கு அலுவலகத்தில் ரசீது எழுதிப் பழகிய கையில் ஒலிபெருக்கியைக் கொடுத்துவிட்டது. புலமை எங்களிடம் இல்லை. கண்டதும் பட்டதும் உண்டு. அவற்றையே சொல்லப் போகிறோம். "எங்கள்" என்று சொல்வது பெருமைக்காக அன்று. இதில் செய்த பிழையும், பிறகு செய்த திருத்தமும் எங்கள் இல்லத்தில் கணவன் மனைவி இருவருக்கும் பொதுவானவை. ஆதலின் இருவருக்குமாகப் பேசுகிறோம்.

பேசப் போகும் பொருள் துப்பாக்கி. தமிழ்ச் சங்க மேடையில் துப்பாக்கிக்கு என்ன வேலை என்று சிலர் புருவத்தை உயர்த்துவது தெரிகிறது. மூன்றாண்டுகளுக்கு முன் வேறொருவர் இப்படிப் பேச எழுந்திருந்தால் நாங்களும் அப்படித்தான் உயர்த்தியிருப்போம்.

இந்தத் துக்ளகாபாத் காலனிக்கு நாங்கள் வந்த புதிதில், ஒரு மார்கழிக் குளிரில், பக்கத்துத் தெருவில் திருமண ஊர்வலம் போயிற்று. மேளமும் விளக்குகளும் குதிரைமேல் மாப்பிள்ளையுமாக எல்லாம் அழகாகவே இருந்தன. திடீரென்று யாரோ மகிழ்ச்சி மிகுதியில் ஆகாயத்தை நோக்கிச் சுட்டார்கள். மறுநாள் காலை எங்கள் குடியிருப்பின் மாடித் தண்ணீர்த் தொட்டியில் விரல் நுழையும் அளவுக்கு ஒரு துளை இருந்தது. மேலே சென்ற குண்டு மேலேயே தங்கிவிடுவதில்லை என்பதை அன்று அறிந்தோம். இப்படிக் கொண்டாட்டத்துக்காகப் பிறர் உயிருக்கு ஆபத்து நேரும் வகையில் சுடுவோருக்கு இரண்டாண்டு வரை சிறை, அல்லது ஓர் இலட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டுமே விதிக்கலாம் என்று 2019-ஆம் ஆண்டில் ஆயுதச் சட்டத்தைத் திருத்தினார்கள். சட்டம் வந்தது; ஆனால் எங்கள் நெஞ்சில் விழுந்த துளை அடைபடவில்லை. துப்பாக்கி என்றாலே அந்தத் தொட்டிதான் நினைவுக்கு வந்தது.

இந்நிலையில், 2023-ஆம் ஆண்டில், எட்டாம் வகுப்பில் இருந்த எங்கள் மகள் பள்ளியிலிருந்து ஒரு தாள் கொண்டு வந்தாள். ஏர் ரைபிள் பயிற்சிக்குப் பெற்றோர் சம்மதம் கேட்கும் படிவம் அது. "பார்க்கலாம்" என்றோம். ஊரிலிருந்து வந்திருந்த பாட்டியார், "பொட்டைப் பிள்ளைக்குத் துப்பாக்கி எதற்கு? வீணை கற்றுக்கொடுங்கள்" என்றார். நாங்கள் மறுத்துச் சொல்லவும் இல்லை, ஒப்பிக் கையெழுத்திடவும் இல்லை. படிவத்தை ரேஷன் அட்டைக்கு அடியில், இழுப்பறைக்குள் வைத்துவிட்டோம். கடைசி நாள் தானாகவே கடந்து போயிற்று. சில வாரங்கள் கழித்து, ஆதார் அட்டையைத் தேடப் போன மகள் அந்தத் தாளைக் கண்டாள். எடுத்துப் பார்த்தாள், மடித்து இருந்த இடத்திலேயே வைத்தாள். ஒரு சொல் பேசவில்லை. அவள் அழுதிருந்தால் சமாதானம் சொல்லியிருப்போம். சண்டை போட்டிருந்தால் அதட்டியிருப்போம். அந்த மௌனத்துக்கு எங்களிடம் விடை இல்லை.

2024 ஆகஸ்ட் 1-ஆம் நாள் வந்தது. அலுவலகத்தில் உணவு இடைவேளை முடிந்தும் எவரும் இருக்கைக்குத் திரும்பவில்லை. ஒரு கைப்பேசியைச் சுற்றிப் பதினைந்து தலைகள். பாரிஸ் ஒலிம்பிக்கில் 50 மீட்டர் ரைபிள் மூன்று நிலைப் போட்டியின் இறுதிச் சுற்று நடந்துகொண்டிருந்தது. மண்டியிட்டும், படுத்தும், நின்றும் சுட வேண்டிய போட்டி அது. முதலில் பின்தங்கியிருந்த நம்மவர் நின்று சுடும் நிலையில் ஒவ்வொரு படியாக மேலேறி, 451.4 புள்ளிகளுடன் வெண்கலப் பதக்கம் வென்றார். அவர் பெயர் ஸ்வப்னில் குசாலே. கோலாப்பூர் மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றில் பிறந்தவர். மத்திய ரயில்வேயில் 2015 முதல் பணிபுரிந்து வந்த டிக்கெட் கலெக்டர்! அன்று எங்கள் அலுவலகத்தில் வழங்கிய லட்டுவை, பதக்கம் நமக்கே வந்ததுபோல் தின்றோம்.

வீட்டுக்குத் திரும்பிச் செய்தியைச் சொன்னபோது மகள் ஒரே ஒரு கேள்வி கேட்டாள்: "அப்பா, அவரும் ரயில்வேதானே?"

அன்றிரவு எங்கள் இருவருக்கும் உறக்கம் பிடிக்கவில்லை. மறு ஞாயிறு, சேர்ப்பதற்காக அன்று, பார்ப்பதற்காக மட்டும் என்று சொல்லிக்கொண்டு, அவளை ஒரு பயிற்சிக் கூடத்துக்கு அழைத்துச் சென்றோம்.

பயிற்சிக் கூடம் என்றதும் வெடியோசையும் புகையும் மீசை முறுக்கிய மனிதர்களும் இருப்பார்கள் என்று எண்ணியிருந்தோம். நாங்கள் கண்டது ஒரு கட்டடத்தின் நிலவறை. நூல்நிலையத்தில்கூட அவ்வளவு அமைதி இராது. பத்துப் பன்னிரண்டு பிள்ளைகள் வரிசையாக நின்றிருந்தார்கள். கான்வாஸும் தோலும் வைத்துத் தைத்த விறைப்பான சட்டை, தட்டையான அடியுடைய காலணி. அவற்றை அணிந்து அவர்கள் நடந்தது வாத்து நடை போல இருந்தது. காற்றழுத்தத்தால் குண்டு வெளியேறும்போது கேட்டதெல்லாம் பெட்டியின் மூடியைத் தட்டினாற்போன்ற ஓசையே. அரை கிராம் எடையுள்ள, நாலரை மில்லிமீட்டர் ஈயக் குண்டு அது.

எதிரே பத்து மீட்டர் தொலைவில் இலக்கு. அதன் நடுவில் பத்துப் புள்ளிக்குரிய இடம் எவ்வளவு பெரியது என்று நினைக்கிறீர்கள்? குறுக்களவு அரை மில்லிமீட்டர். பென்சில் முனையால் வைத்த புள்ளி! போட்டியில் அந்தப் புள்ளியை நோக்கி அறுபது முறை சுட வேண்டும். ஒன்றே கால் மணி நேரம் தருகிறார்கள். நட்ட நடுவில் பட்டால் 10.9 வரை கிடைக்கும். ஆக மிகுதியாகப் பெறக்கூடியது 654. ஐந்தரைக் கிலோ வரை எடையுள்ள ரைபிளை அத்தனை முறையும் தூக்கி, நிறுத்தி, இறக்க வேண்டும்.

அங்கே பயிற்றுவிப்பவர் இராணுவத்தில் ஹவில்தாராக இருந்து ஓய்வு பெற்றவர். முதல் மூன்று வாரம் குண்டையே கையில் கொடுக்க மாட்டேன் என்று எங்களிடம் கண்டிப்பாகச் சொன்னார். துப்பாக்கியின் வாய் எப்போதும் இலக்கை நோக்கியே இருக்க வேண்டும். சுடும் கணம் வரும்வரை விரல் விசையைத் தொடக்கூடாது. சுடாத நேரத்தில் குழலுக்குள் வண்ணக் கயிறு ஒன்று நுழைந்திருக்க வேண்டும். உள்ளே குண்டு இல்லை என்பதற்கு அதுவே சான்று. ஆணை பிறக்காமல் குண்டை இடக்கூடாது. "ஸ்டாப்" என்ற சொல் கேட்டால் எந்நிலையில் இருந்தாலும் நிறுத்திவிட வேண்டும். இவற்றைக் கேட்டபோது எங்களுக்கு ரயில்வே விதிப் புத்தகத்தைக் கேட்பது போலவே இருந்தது. லைன் கிளியர் இல்லாமல் ஓட்டுநர் வண்டியை நகர்த்துவதுண்டா? ஊர்வலத்தில் சுட்டவன் கையில் இருந்தது துப்பாக்கி மட்டுமே. இங்கே துப்பாக்கிக்கு முன்னால் நூறு விதிகள் நின்றன. எங்கள் அச்சம் எதைக் கண்டு அஞ்ச வேண்டும் என்று தெரியாமல் அஞ்சிய அச்சம் என்பது அப்போது புலப்பட்டது.

இன்னொன்றும் கற்றோம். பறவையின் கண்ணை மட்டுமே கண்டான் அர்ச்சுனன் என்று கேட்டு வளர்ந்தவர்கள் நாம். இவர்களோ கண்ணை இலக்கில் பதிப்பதில்லை. துப்பாக்கியின் முனையில் இருக்கும் குறிவளையத்தில் பதிக்கிறார்கள். இலக்கு சற்று மங்கலாகவே தெரியலாமாம். "உன் கையில் இருப்பதைச் சரியாக வை, தொலைவில் இருப்பது தானே சரியாகும்" என்றார் ஹவில்தார்.

மூச்சை ஒடுக்கிக் குறி பார்த்து, சில நொடிகளுக்குள் விசையை அழுத்த வேண்டும். அதற்குள் மனம் ஒருமைப்படாவிட்டால்? சுடக்கூடாது. ரைபிளை இறக்கி, மூச்சு வாங்கி, முதலிலிருந்து தொடங்க வேண்டும். புதியவர்களுக்குக் கடினமானது சுடுவது அன்று, சுடாமல் இறக்குவதுதான். தூக்கிவிட்டோமே, பலர் பார்க்கிறார்களே, நேரம் போகிறதே என்று சுடுகிறவர்களே தோற்கிறார்கள். பெரியோர்களே, வீட்டில் நாம் எத்தனை சொற்களை இறக்கத் தெரியாமல் சுட்டிருக்கிறோம்! நாங்கள் அன்று எங்கள் மறுப்பை இறக்கிவைத்தோம். மகளைச் சேர்த்துவிட்டு வந்தோம்.

இவ்விளையாட்டு செல்வர்களுக்கே உரியது என்ற எண்ணம் நம்மில் பலருக்கு உண்டு. தொடக்கத்தில் அது முழுப் பொய்யும் அன்று. நம் நாட்டுத் தேசிய ரைபிள் சங்கம் 1951-இல் தோன்றியது. அதன் முதல் தலைவர் மக்களவையின் முதல் சபாநாயகரான மாவ்லங்கர். அக்காலத்து முன்னணி வீரர் பிகானேர் மன்னர் குடும்பத்து டாக்டர் கர்ணி சிங். அவர் 1962-இல் கெய்ரோவில் நடந்த உலகப் போட்டியில், பறக்கும் களிமண் தட்டைச் சுடும் பிரிவில் வெள்ளி வென்றார். ஐந்து ஒலிம்பிக் போட்டிகளில் கலந்துகொண்டார். 1982 ஆசிய விளையாட்டுக்காக அமைந்து, அவர் பெயரைத் தாங்கி நிற்கும் களம் வேறெங்கும் இல்லை. நம் துக்ளகாபாத்தில்தான் இருக்கிறது. இத்தனை ஆண்டுகள் அதன் அருகே வாழ்ந்தும், நம்மில் எத்தனை பேர் உள்ளே சென்று பார்த்திருக்கிறோம்?

பிறகு காலம் மாறியது. 2004-இல் ஏதென்ஸில் இராணுவ அதிகாரியான ராஜ்யவர்தன் சிங் ராத்தோர் வெள்ளி வென்றார். 2008-இல் பெய்ஜிங்கில், கடைசிக் குண்டுக்கு முன் பின்லாந்து வீரரோடு சமநிலையில் நின்ற அபினவ் பிந்த்ரா 10.8 சுட்டு, தனி வீரர் ஒருவர் இந்தியாவுக்குப் பெற்ற முதல் ஒலிம்பிக் தங்கத்தைக் கொணர்ந்தார். 2012-இல் லண்டனில் இராணுவ வீரர் விஜய் குமார் வெள்ளியும், சென்னையில் பிறந்து ஹைதராபாதில் வளர்ந்த ககன் நாரங் வெண்கலமும் பெற்றார்கள். ஹரியானாவைச் சேர்ந்த மனு பாக்கருக்கு 2021-இல் டோக்கியோவில் போட்டியின் நடுவே பிஸ்டல் பழுதாகி நேரம் வீணாயிற்று. இறுதிச் சுற்றை அடைய முடியாமல் திரும்பினார். அதே பெண் 2024-இல் பாரிஸில் இரண்டு வெண்கலங்கள் பெற்றார். அவற்றுள் ஒன்று சரப்ஜோத் சிங்குடன் இணைந்து வென்றது. நம் தமிழ் மண்ணிலும் புதுக்கோட்டைத் தொண்டைமான் மரபில் வந்த பிருத்விராஜ் இருக்கிறார். திரையுலகின் அஜித்குமார் 2022-இல் திருச்சியில் நடந்த மாநிலப் போட்டியில் மற்றவர்களோடு வரிசையில் நின்று சுட்டார்.

ஆயினும் நம்மைப் போன்ற குடும்பங்கள் நினைவில் வைக்க வேண்டிய பெயர் ஒன்று உண்டு: இளவேனில் வாலறிவன். கடலூரில் பிறந்து, குஜராத்தின் அகமதாபாத்தில் வளர்ந்தவர்; ஊரைவிட்டு வந்த தமிழ்க் குடும்பத்துப் பெண். வாலறிவன் என்பது வள்ளுவர் இறைவனைக் குறிக்க ஆண்ட சொல். அந்தப் பெயரை உலகெங்கும் போட்டி அறிவிப்பாளர்கள் தட்டுத் தடுமாறி உச்சரிக்கிறார்கள்! ககன் நாரங் நிறுவிய பயிற்சிக் கூடத்தின் மாணவியான இவர், 2019-இல் ரியோவில் நடந்த உலகக் கோப்பையில் தங்கம் வென்றார். டோக்கியோவிலும் பாரிஸிலும் ஒலிம்பிக் களம் கண்டார். பாரிஸில் எட்டுப் பேருக்கே இறுதிச் சுற்று. இவருக்கு வாய்த்தது பத்தாமிடம். அதோடு அவர் ரைபிளைப் பெட்டியில் பூட்டிவிடவில்லை. 2025-இல் கஜகஸ்தானில் நடந்த ஆசியப் போட்டியில் தங்கம் வென்றார். வேற்று மொழி பேசும் ஊரில் வளர்வது குறை அன்று என்பதற்கு நம் பிள்ளைகளிடம் காட்ட இதைவிட நல்ல உருவம் நாங்கள் அறியோம்.

2025-இல் எங்கள் மகள் தன் முதல் போட்டியில் நின்றாள். அங்கே கூடியிருந்த மக்களைப் பற்றிச் சொல்லாமல் போவது நன்றியன்று. காரில் வந்தவர்களும் இருந்தார்கள்; ஹரியானாவிலிருந்து விடியுமுன் பேருந்து ஏறி வந்த உழவர் வீட்டுப் பெண்களும் இருந்தார்கள். மகளுடைய சட்டையின் பொத்தான் ஒன்று போட்டிக்குச் சற்று முன்னால் அறுந்துவிட்டது. யாரென்று தெரியாத ஓர் அம்மையார், தம் மகன் அடுத்த சுற்றில் சுட இருந்தும், பையிலிருந்து ஊசி நூல் எடுத்துத் தைத்துக் கொடுத்தார். துப்பாக்கி விரும்பிகள் என்றால் முரடர்கள் என்று நினைத்திருந்த எங்களுக்கு அது ஒரு பாடம்.

நாற்பது குண்டுகள் வரை மகள் நிதானமாகச் சுட்டாள். நாற்பத்தோராவதற்கு ரைபிளைத் தூக்கினாள், இறக்கினாள். மீண்டும் தூக்கினாள், மீண்டும் இறக்கினாள். பக்கத்தில் இருந்தவர்களின் குண்டுகள் ஒவ்வொன்றாகப் போய்க்கொண்டிருந்தன. "சுட்டுவிடேன் அம்மா" என்று எங்கள் மனம் கூவியது. நான்காம் முறை இறக்கியபோது அவள் அன்னை கண்களை மூடிக்கொண்டாள். ஐந்தாம் முறை சுட்டாள். திரையில் 10.4 என்று வந்தது.

பதக்கம் கிடைத்ததா என்று கேட்பீர்கள். இல்லை. பட்டியலின் பின்பாதியில்தான் அவள் பெயர் இருந்தது. அடுத்த கட்டத்துக்கு வேண்டிய புள்ளியும் வரவில்லை. வெளியே வந்தவள் முகத்தில் வருத்தத்தைத் தேடினோம். அவளோ, "நான்கு முறை இறக்கினேன் அப்பா, பார்த்தீர்களா?" என்றாள். பார்த்தோம். படிவத்தைக் கண்டும் மௌனமாக மடித்து வைத்த பெண் இவள். அந்த மௌனத்துக்கும் இந்த நிதானத்துக்கும் உள்ள வேறுபாட்டையும் பார்த்தோம். அது அடங்கிப் போனது. இது தானே அடக்கியது.

செலவைப் பற்றிப் பொய் சொல்லக்கூடாது. போட்டிக்குரிய வெளிநாட்டு ரைபிள் இரண்டு இலட்சம் ரூபாய்க்கு மேல் ஆகும். எங்கள் மகள் சுடுவது பயிற்சிக் கூடத்தின் ரைபிள். போட்டிருப்பது வேறொரு பெண் வளர்ந்து கழித்த சட்டை. குண்டுக்கும் கட்டணத்துக்குமே மாதந்தோறும் கணக்குப் பார்க்க வேண்டியிருக்கிறது. பத்து மீட்டர் போட்டிக்குரிய ஏர் ரைபிளுக்கு உரிமம் வேண்டியதில்லை. வாங்குபவர் அடையாளச் சான்றும் முகவரிச் சான்றும் தந்தால் போதும். ஆனால் உரிமம் வேண்டாம் என்பதற்காக அது பொம்மை ஆகிவிடாது. வீட்டில் வைத்தால் பூட்டி வைக்க வேண்டும். மொட்டைமாடியில் காக்கையையும் புட்டியையும் சுட்டுப் பழகும் கருவி அன்று அது. எல்லாப் பிள்ளைக்கும் பதக்கமோ விளையாட்டு ஒதுக்கீட்டில் வேலையோ கிடைக்கும் என்றும் நாங்கள் ஆசை காட்டவில்லை.

இரண்டே வேண்டுகோள்கள் வைக்கிறோம். முதலாவது சங்கத்துக்கு. கோலப் போட்டிக்கும் குறள் ஒப்புவித்தலுக்கும் பரிசு தரும் நம் சங்கம், இரண்டு சுடும் சட்டைகளும் சில டப்பாக் குண்டுகளும் வாங்க ஒரு சிறு தொகை ஒதுக்கட்டும். டப்பாவுக்கு ஐந்நூறு குண்டுகள் இருக்கும். விருப்பமுள்ள எந்தப் பிள்ளையும் ஆறு மாதம் முயன்று பார்க்கட்டும். சட்டை அடுத்த பிள்ளைக்குப் போகட்டும். எங்கள் பங்காக மகளின் முதல் சட்டையை இன்று செயலாளரிடம் ஒப்படைக்கிறோம்; அது இப்போது அவளுக்குச் சிறியதாகிவிட்டது. பொத்தான்கள் உறுதியாக இருக்கின்றன.

இரண்டாவது பெற்றோருக்கு. துப்பாக்கியோ, துடுப்போ, தூரிகையோ, பிள்ளை ஒரு தாளைக் கொண்டு வந்து நீட்டினால், ஒப்புதல் இல்லையென்றால் காரணத்தைச் சொல்லி மறுத்துவிடுங்கள். சென்று பார்த்துவிட்டு மறுங்கள். இழுப்பறையில் மட்டும் வைக்காதீர்கள்.

இவ்வாண்டுப் படிவம் நேற்று மாலை வந்தது. இருவரும் கையெழுத்திட்டு, அவள் பள்ளிப் பையில் வைத்துவிட்டுத்தான் இந்த விழாவுக்குப் புறப்பட்டோம்.

 குழந்தைகளே, இனி நாடகம் தொடங்கலாம்.

வாழ்க தமிழ்! வளர்க நம் சங்கம்! வணக்கம்.